ஆற்றுக்கு அக்கரையில் தூக்கு இல்லை

1946 ஜனவரி 8. கோவை மத்திய சிறையில் நான்கு மில் தொழிலாளிகளைத் தூக்கிலிட்டார்கள். ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன். சின்னியம்பாளையம் ரங்கவிலாஸ் மில்லில் வேலை பார்த்தவர்கள். மில் பக்கம் ரவுடித்தனம் செய்துவந்த ஒருவன் கொல்லப்பட்ட வழக்கு அது. கோவைத் தொழிற்சங்கத்தார் இன்றைக்கும் ஜனவரி எட்டாம் தேதியை மறப்பதில்லை.

அதே கோவையிலிருந்து உடுமலைப்பேட்டை போய், அமராவதி அணையை ஒட்டிக் காட்டுக்குள் நுழைந்து, ஒன்பதாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் சின்னாறு வரும். பாலத்துக்கு அந்தப் பக்கம் மறையூர், மூணாறு, தேவிகுளம். இப்போது அது இடுக்கி மாவட்டம், அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். சின்னியம்பாளையத்துக்காரர்கள் செய்ததாகச் சொன்ன அதே குற்றத்தை ஒருவன் 1946-இல் மறையூரில் செய்திருந்தால் அவனைத் தூக்கில் போட்டிருக்க முடியாது. 1944-இலேயே திருவிதாங்கூர் மரண தண்டனையை எடுத்துவிட்டது. மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மா, திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். ஆற்றுக்கு இக்கரையில் பிரிட்டிஷ் சட்டம், கயிறு உண்டு. அக்கரையில் ராஜாவின் சட்டம், கயிறு இல்லை.

பாலக்காட்டுப் பக்கம் இன்னும் குழப்பம். பாலக்காடும் கொல்லங்கோடும் மலபார் ஜில்லா, அதாவது சென்னை மாகாணம். பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் வந்துவிடுகிற நெம்மாறையும் சித்தூரும் கொச்சி ராஜாவின் நாடு. பனங்காட்டுக்கும் வயலுக்கும் நடுவே இரண்டு அரசுகளின் சட்டங்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. எல்லைக் கிராமத்துச் சனத்துக்கு இதெல்லாம் கள்ளுக்கும் புகையிலைக்கும் வரி கட்டும்போது தெரிந்திருக்கும். உயிர் விஷயத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்பது சந்தேகமே.

திருவிதாங்கூர் ஏதோ கருணையிலேயே பிறந்த நாடு என்று யாரும் எண்ண வேண்டாம். தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஓர் இரும்புக் கூட்டைப் பார்த்திருப்பார்கள். ஆள் உருவத்துக்கு அளவெடுத்துச் செய்தது. தண்டனை பெற்றவனை அதற்குள் நிறுத்திப் பூட்டி மரத்தில் தொங்கவிடுவார்கள். மிச்சத்தைப் பசியும் வெயிலும் பறவைகளும் பார்த்துக்கொள்ளும். சித்திரவதம் என்று பெயர். கழுவேற்றலும் யானைக்காலும் அதற்கு முந்தின தலைமுறைகளின் கதை. இவை எல்லாருக்கும் பொதுவாக இருந்ததும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் பிராமணருக்கு மரண தண்டனை கிடையாது, பெண்களுக்கும் கிடையாது. ஒரே கொலைக்கு ஒருவனுக்குக் கழுத்தில் கயிறு, இன்னொருவனுக்கு வேறு தண்டனை. எவன் கழுத்து என்பதைப் பொறுத்துத்தான் சட்டம். அன்று அதை மறைக்கவும் இல்லை, எழுதியே வைத்திருந்தார்கள்.

தூக்குப் போடுகிறவருக்கு ஆராச்சார் என்று பெயர். திருவிதாங்கூரின் கடைசி ஆராச்சார் ஜனார்த்தனன் பிள்ளை, நாகர்கோவில் பக்கத்துக்காரர். மூன்று பத்தாண்டுகளில் 117 பேரைத் தூக்கிலிட்டவர். வயதான காலத்தில் அவர் சொன்னவற்றை அடிப்படையாகக் கொண்டு சசி வாரியர் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். அடூர் கோபாலகிருஷ்ணன் 2002-இல் எடுத்த 'நிழல்குத்து' படத்தில் வரும் ஆராச்சார் காளியப்பனும் தெற்குத் திருவிதாங்கூர்க்காரர்தான். தூக்குக் கயிற்றைக் காளி முன் எரித்த சாம்பல் நோய்க்கு மருந்து என்று அவர் வீட்டு வாசலில் சனம் நிற்கும். அந்தப் படத்தில் ஒரு வழக்கம் வருகிறது: மகாராஜா கடைசி நேரத்தில் மன்னிப்பு ஓலை அனுப்புவார், ஓலையைக் கொண்டுவரும் ஆள் தூக்கு முடிந்த பிறகுதான் வந்து சேருவான். பாவம் ராஜாவைச் சேராது, ஆராச்சாரைச் சேரும். ஒரு நாட்டின் மனசாட்சி எங்கே உறுத்துகிறது, அதை யார் தலையில் இறக்கி வைக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய காட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

மலபார் பக்கம் ஓலையும் இல்லை, ஒளிவு மறைவும் இல்லை. 1921 மாப்பிளைக் கலகத்தின் தலைவர்களில் ஒருவரான அலி முஸ்லியாரை 1922 பிப்ரவரி 17 அன்று தூக்கிலிட்டது கோவைச் சிறையில்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் வந்துபோகவில்லை, விலங்கிட்ட ஆட்களும் வந்தார்கள். 1921 நவம்பரில் திரூரிலிருந்து கைதிகளை அடைத்துக்கொண்டு வந்த சரக்கு வேகன் போத்தனூரில் திறக்கப்பட்டபோது மூச்சு முட்டி ஏராளமானோர் செத்துக் கிடந்தார்கள். அறுபதுக்கு மேல் மடிந்ததாகக் கணக்கு. அவர்களில் ஒருவருக்கும் எந்த நீதிபதியும் மரண தண்டனை விதித்திருக்கவில்லை. 1943 மார்ச் 29 அன்று கண்ணூர் சிறையில் கையூர் விவசாயிகள் நால்வர் தூக்கிலேற்றப்பட்டார்கள். ஐந்தாமவர் வயது குறைந்தவர் என்பதால் தப்பினார்.

கையூர்த் தூக்குக்கு அடுத்த ஆண்டுதான் திருவிதாங்கூர் கயிற்றை அவிழ்த்துப் போட்டது. அதைச் செய்த அதே அரசு 1946 அக்டோபரில் புன்னப்புரை, வயலார் ஊர்களில் தொழிலாளர் மேல் துப்பாக்கிச் சூடு நடத்தியது. செத்தவர்கள் நூற்றுக்கணக்கில். தூக்குமரம் இல்லாத நாடு என்ற பெருமையை இந்தக் கணக்கோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். கோர்ட்டில் சாட்சி, வாதம், அப்பீல் என்று நடந்து கொல்வதை நிறுத்திவிட்டு, கோர்ட்டே இல்லாமல் கொல்வதை வைத்துக்கொள்வது என்ன சீர்திருத்தம்? சி.பி.யைக் கேட்டிருந்தால் சட்டம் ஒழுங்கு வேறு, தண்டனை வேறு என்று வக்கீல் மூளையோடு பதில் சொல்லியிருப்பார்.

ஆனாலும் அந்தச் சில ஆண்டுகள் ஒரு காரியம் செய்தன. தூக்கு இல்லாவிட்டால் கொலை பெருகும் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். மரண தண்டனை பற்றிய விவாதங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஒரு கணக்கு திருவிதாங்கூருடையது. தூக்கு இல்லாத 1945 முதல் 1950 வரை 962 கொலைகள். தூக்கு திரும்பி வந்த 1950 முதல் 1955 வரை 967. இதை வைத்துத் தூக்கினால் பயனே இல்லை என்று முழங்க மாட்டேன், ஜனத்தொகையும் மாறியிருக்கும், போலீஸ் பதிவும் மாறியிருக்கும். தூக்கை எடுத்ததும் ஊரெல்லாம் ரத்தம் ஓடும் என்ற பயம் மட்டும் நடக்கவில்லை. தேவிகுளத்து எஸ்டேட் லயங்களிலும் பீருமேட்டு ஏலக்காடுகளிலும் சனம் எப்போதும் போலத்தான் சண்டை போட்டார்கள், எப்போதும் போலத்தான் சமாதானமானார்கள்.

கயிறு திரும்பி வந்த விதம்தான் எனக்கு வியப்பு. யாரும் போராடிக் கேட்கவில்லை. 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1950களின் தொடக்கத்தில் இந்திய தண்டனைச் சட்டம் இந்தப் பகுதிக்கும் நீண்டது, அதோடு ஒட்டிக்கொண்டு தூக்கும் வந்தது. ரயில்வே, தபால், நாணயம் ஒன்றானது போல இதுவும் ஒன்றானது. 1949 ஜூனில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் மரண தண்டனையையே ஒழித்துவிடலாம் என்று சொன்னார். கையில் திருவிதாங்கூர் அனுபவம் ஒன்று இருந்தது. தேசம் அதை மேற்கொண்டு பார்க்கவில்லை. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்தபோது பாலக்காட்டுக்காரனுக்கும் தேவிகுளத்துக்காரனுக்கும் ஒரே சட்டம், ஒரே கயிறு. தேவிகுளம், பீருமேடு தமிழ்நாட்டுக்கா கேரளத்துக்கா என்று அத்தனை சண்டை நடந்ததே, அதில் ஒருவரும் இதைப் பேசியதாகத் தெரியவில்லை.

பேசிய ஒருவர் பாலக்காட்டிலேயே பிறந்தவர். வி.ஆர். கிருஷ்ணய்யர், 1915-இல் வைத்தியநாதபுரத்தில், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில். தலச்சேரியில் வக்கீல், 1957-இல் இ.எம்.எஸ். மந்திரி சபையில் சட்டமும் உள்துறையும் பார்த்தவர், 1973-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி. அவர் போன சமயத்தில் சட்டம் தலைகீழாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி கொலைக்குத் தூக்கு கொடுக்காவிட்டால்தான் நீதிபதி காரணம் எழுத வேண்டும். 1955-இல் அந்த வாசகம் போயிற்று. 1973-இல் வந்த புதிய சட்டம் தூக்கு கொடுத்தால் தனிக் காரணம் எழுது என்றது. கிருஷ்ணய்யர் 1974-இல் எடிகா அன்னம்மா என்ற இளம்பெண்ணின் தூக்கை ஆயுளாகக் குறைத்தபோது குற்றத்தை மட்டும் பார்க்காமல் அவளையும் பார்த்தார்: அவள் வயது, அவள் பிள்ளை, அவளை வீடும் ஊரும் நடத்திய விதம். 1979-இல் ராஜேந்திர பிரசாத் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனார். அடுத்த வருஷமே பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் மரண தண்டனை செல்லும் என்றார்கள், 'அரிதினும் அரிதான' வழக்குகளுக்கு மட்டும் என்று ஒரு வேலியும் போட்டார்கள். அந்த வேலிக்குள் எது வரும் எது வராது என்பதுதான் இன்றுவரை தீராத வழக்கு.

கேரளத்தில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்டவர் ரிப்பர் சந்திரன், 1991 ஜூலை 6, கண்ணூர் சிறை. பூஜப்புரைச் சிறையில் கடைசித் தூக்கு 1979. தமிழ்நாட்டில் ஆட்டோ சங்கர், 1995, சேலம். அதற்குப் பிறகு இரண்டு மாநிலத்திலும் கயிறு இறங்கவில்லை. தண்டனை விதிப்பது மட்டும் நிற்கவில்லை. 2024 ஜனவரியில் மாவேலிக்கரை கோர்ட் ஒரே அரசியல் கொலை வழக்கில் 15 பேருக்குத் தூக்கு விதித்தது. 2023-இல் இடுக்கி போக்சோ கோர்ட், ஆனச்சாலில் ஆறு வயதுப் பையனைக் கொன்றவனுக்குத் தூக்கு விதித்தது. அன்று தீர்ப்பும் குறைவு, பேச்சும் குறைவு, தூக்கு நடந்தது. இன்று தீர்ப்பும் பேச்சும் ஏராளம், நிறைவேற்றல் இல்லை. தீர்ப்பு வந்த சாயங்காலம் டிவியில் ஒரு திருப்தி, அதோடு ஊர் கலைந்துவிடும். உள்ளே இருக்கிறவன் வருஷக்கணக்கில் கயிற்றை நினைத்துக்கொண்டு கிடப்பான்.

2011-ஐ எல்லைத் தமிழர்கள் இரண்டு விதமாக அனுபவித்தார்கள். அந்த பிப்ரவரியில் எர்ணாகுளம்–ஷொர்ணூர் பாசஞ்சரில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண், பெட்டியிலிருந்து விழுந்து, பலாத்காரத்துக்கு ஆளாகி, சில நாளில் ஆஸ்பத்திரியில் இறந்தாள். பிடிபட்டவன் கோவிந்தசாமி, விருத்தாசலம் பக்கத்துக்காரன், ஒரு கை இல்லாதவன். கேரளமே கொதித்தது. 'தமிழன்' என்ற சொல்லுக்கு அந்த நாட்களில் ஒரு வசவின் ருசி ஏறியிருந்தது, கொழிஞ்சாம்பாறையிலும் மூணாறிலும் இருந்தவர்களுக்கு அது தெரியும். நவம்பரில் திருச்சூர் விரைவு நீதிமன்றம் தூக்கு விதித்தது. இரண்டுக்கும் நடுவில், ஆகஸ்டில், தமிழ்நாடு, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவரின் தூக்கை நிறுத்தச் சொல்லித் தெருவில் நின்றது. காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் அதற்காகத் தீக்குளித்தாள். சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஒரு மலைக்கு அந்தப் பக்கம் தூக்கு வேண்டும் என்ற குரல், இந்தப் பக்கம் வேண்டாம் என்ற குரல். இரண்டும் நியாயமான கோபத்திலிருந்து வந்தவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கயிற்றைப் பற்றி யாரும் பேசவில்லை, கழுத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

கோவிந்தசாமியின் தூக்கை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மாற்றியது. அவன்தான் ரயிலிலிருந்து தள்ளினான் என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று கொலைக் குற்றத்தை விலக்கி, பலாத்காரத்துக்கான ஆயுள் தண்டனையை வைத்துக்கொண்டது. கேரளத்தில் அந்தத் தீர்ப்பைத் திட்டாதவர் குறைவு. எனக்கும் அது சங்கடமான தீர்ப்புதான். ஆனாலும் குமுளிக்கு மேலே மங்கலதேவிக் காட்டில் வருஷத்துக்கு ஒருநாள், சித்ரா பௌர்ணமிக்கு, இடுக்கி கலெக்டரும் தேனி கலெக்டரும் சேர்ந்து ஏற்பாடு செய்ய, இரண்டு மாநிலத்து ஆயிரக்கணக்கான சனம் ஜீப்பிலும் காலாலும் ஏறிப் போய்க் கும்பிடுவது யாரை? விசாரிக்காமல் கொடுத்த ஒரு மரண தண்டனையின் விதவையை. கோவலனுக்குக் கிடைக்காதது அந்த ஒரு சந்தேகம்தான். நமக்குப் பிடிக்காதவனுக்குக் கிடைக்கும்போது மட்டும் அது சட்டத்தின் ஓட்டையாகத் தெரிகிறது.

பதினான்கு வருஷம் கழித்து, 2025 ஜூலையில், எல்லாம் ஒரே பத்து நாளில் வந்து மோதியது. கொல்லங்கோட்டுக்காரி செவிலியர் நிமிஷா பிரியா, கட்டிக்கொண்டு போனது இடுக்கி மாவட்டத்துக்கு, தொடுபுழை. பிழைப்புக்குப் போனது ஏமன். அங்கே கிளினிக் நடத்த உள்ளூர்ப் பங்காளி வேண்டும். அந்தப் பங்காளி தலால் மஹ்தி 2017-இல் செத்தார். அவர் கொடுமைப்படுத்தினார், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருந்தார், அதை மீட்க மயக்க மருந்து கொடுத்தபோது அளவு மிஞ்சிவிட்டது என்பது நிமிஷா தரப்பு. உடல் துண்டுகளாகத் தண்ணீர்த் தொட்டியில் கிடந்தது. 2020-இல் சனா நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, 2023 நவம்பரில் மேல் அமைப்பும் உறுதி செய்தது. 2025 ஜூலை 16 என்று நாள் குறித்தார்கள். அம்மா பிரேமகுமாரி முந்தின வருஷமே மகளைப் பார்க்க ஏமன் போய்விட்டார். கட்சி, மதம் பாராமல் கேரளம் கைகூப்பியது. காந்தபுரம் அபூபக்கர் முஸ்லியார் ஏமன் மார்க்க அறிஞர்கள் வழியாகப் பேசினார். கடைசி நேரத்தில் தேதி தள்ளிப்போனது.

ஜூலை 25 அன்று கோவிந்தசாமி கண்ணூர் சிறையின் கம்பியை அறுத்துச் சுவரேறிக் குதித்தான். சில மணி நேரத்தில் ஒரு பாழ் கட்டிடத்துக் கிணற்றிலிருந்து அவனை இழுத்து எடுத்தார்கள். கொழிஞ்சாம்பாறை டீக்கடைகளிலும் போன் திரைகளிலும் அன்று கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இவனை அப்போதே ஏன் தொங்கவிடவில்லை? ஒன்பது நாளைக்கு முன்னால் அதே வாய்கள் ஏமன்காரனை ஒரு உயிரை விட்டுக்கொடு என்று கெஞ்சின. இதைக் கபடம் என்று சொல்லத் தோன்றவில்லை. தெரிந்த வீட்டுப் பெண்ணுக்கு முகம் இருக்கிறது, அம்மா இருக்கிறாள், கடன் இருக்கிறது, வெளிநாடு போன காரணம் இருக்கிறது. கிருஷ்ணய்யர் அன்னம்மாவிடம் பார்த்ததை எல்லாம் நாம் நிமிஷாவிடம் தானாகவே பார்த்துவிடுகிறோம். விருத்தாசலத்துக்காரனிடமோ, பெரும்பாவூர் கொலை வழக்கில் தூக்கு விதிக்கப்பட்ட அசாம்காரனிடமோ, ஆலுவா கொலை வழக்கில் தூக்கு விதிக்கப்பட்ட பீகார்க்காரனிடமோ அதைத் தேட கோர்ட் உத்தரவு வேண்டியிருக்கிறது. 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் அப்படித்தான் உத்தரவிட்டது: தூக்குக் கைதிகளின் பின்னணியை, மனநிலையை, வளர்ந்த விதத்தை ஆள் வைத்து ஆராய்ந்து அறிக்கை கொடு என்று. அன்று சாதி செய்த வேலையை இன்று தூரமும் பாஷையும் காசும் சத்தமில்லாமல் செய்கின்றன. டில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், நாட்டின் தூக்குக் கைதிகளில் 74.1 சதவீதம் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். அதே சமயம் மாவேலிக்கரையின் பதினைந்து பேரும் உள்ளூர்க்காரர்கள்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரசியல் பகை வந்தாலும் பக்கத்து வீட்டுக்காரன் அந்நியனாகிவிடுகிறான்.

இதற்கெல்லாம் எதிராக வந்து நிற்பது நெம்மாறை. கொல்லங்கோட்டுக்குப் பக்கத்து ஊர். போத்துண்டியில் 2019-இல் ஒருவன் அண்டை வீட்டுப் பெண்ணைக் கொன்றான். ஜாமீனில் வந்து, 2025 ஜனவரியில் அவள் கணவனையும் மாமியாரையும் வெட்டிக் கொன்றான். தூக்கு வேண்டாம் என்கிற என்னைப் போன்றவர்களைப் பார்த்து, இவனுக்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டால் வாய் சட்டென்று திறக்காது. சொல்ல முடிந்தது ஒன்றுண்டு. ஜாமீன் நிபந்தனைப்படி அவன் நெம்மாறைக்குள் கால் வைக்கக் கூடாது. அவன் ஊருக்குள்தான் இருக்கிறான் என்று அந்தக் குடும்பம் போலீசில் புகார் கொடுத்திருந்தது. அந்தப் புகாருக்கு ஒரு ஜீப் போயிருந்தால் இரண்டு உயிர் மிஞ்சியிருக்கும். கொலைக்குப் பிறகு ஸ்டேஷன் அதிகாரி சஸ்பெண்ட் ஆனார். 2025 அக்டோபரில், 2019 கொலைக்கு அரசுத் தரப்பு தூக்கு கேட்டது. பாலக்காடு செஷன்ஸ் கோர்ட் அரிதினும் அரிது அல்ல என்று இரட்டை ஆயுள் கொடுத்தது.

ஏமனில் தலால் மஹ்தியின் அண்ணன் தம்பிகளில் ஒருவர் பேட்டி கொடுத்தார்: பணம் வேண்டாம், தியா என்ற ரத்தப் பணமும் வேண்டாம், எங்களுக்குப் பழிக்குப் பழி மட்டும்தான். அவரைக் கல்நெஞ்சன் என்று கொல்லங்கோட்டில் திட்டினார்கள். போத்துண்டியில் மூன்று பேரைப் பறிகொடுத்த வீட்டிலிருந்து அதே சொற்கள் வந்திருந்தால், அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்திருப்போம். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு டவுன் பஸ் டிக்கெட் தூரம்.